'லைசென்ஸே வேண்டாம்' எலெக்ட்ரிக் சைக்கிள்... நிஜமாவே வேண்டாமா? பரமக்குடியில் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்."

எலெக்ட்ரிக் சைக்கிளோ, சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோ விற்கிற கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது இந்த நாலு 'வேண்டாம்'தான். பரமக்குடி மாதிரியான ஊருக்கு இது பொருத்தமான வண்டியும்கூட. எமனேஸ்வரத்தில் வீடு, வைகைப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் கடையில் வேலை என்று இருப்பவருக்கு ஒரு நாளைக்கு மொத்த ஓட்டமே ஐந்தாறு கிலோமீட்டர்தான் வரும். அதற்கு எதற்கு பெட்ரோல் வண்டி என்று யோசிப்பதில் தப்பே இல்லை.

நாலாவது 'வேண்டாம்' எப்பவும் உண்மை. மற்ற மூன்றும் உண்மையா, பொய்யா என்பது கடைக்காரர் வாயில் இல்லை. வண்டியின் மோட்டாரிலும் வேகத்திலும் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று சட்டப்படி வெறும் சைக்கிள், இன்னொன்று நம்பர் பிளேட் இல்லாமல் ஓடும் மோட்டார் வாகனம். எப்படி? வாங்க பார்க்கலாம்.

250 வாட், 25 கிலோமீட்டர்... இதுதான் கோடு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் கீழ் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், விதி 2-ன் 'யு' உட்பிரிவு 'பேட்டரியில் ஓடும் வாகனம்' என்றால் என்ன என்று சொல்கிறது. பேட்டரி வண்டி எல்லாமே பொதுவாக மோட்டார் வாகனம்தான். ஆனால் மோட்டாரின் 'முப்பது நிமிட பவர்' 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது.

பெடல் போட்டால் மோட்டார் உதவும் சைக்கிளுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி குறைந்து, 25 கிலோமீட்டரைத் தொடும்போது முழுக்க நின்றுவிட வேண்டும். நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் மோட்டார் நிற்க வேண்டும். ஒழுங்கான பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். தமிழில் 'மிதிவண்டி' என்று சும்மா பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது. இந்த வகைக்கு மிதித்தால்தான் சட்டப்படியும் சைக்கிள்!

பலரும் கவனிக்காத இன்னொரு வரியும் இதே விதியில் இருக்கிறது. இந்த நிபந்தனைகளை, விதி 126-ல் சொல்லப்பட்ட சோதனை மையங்களில் ஒன்று சரிபார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., ஹரியானா மானேசரில் உள்ள ஐகேட், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. மாதிரியான மையங்கள்தான் இவை. அதாவது 'இது 250 வாட்தான் சார்' என்று கடைக்காரர் சொல்வது போதாது. அந்த மாடலுக்குச் சான்று இருக்க வேண்டும். சான்று இருந்தால்தான் விலக்கு.

ஸ்டிக்கரில் 250... உள்ளே எவ்வளவு?

'முப்பது நிமிட பவர்' என்ற வார்த்தையில்தான் விளையாட்டே இருக்கிறது. ஒரு மோட்டார் சூடாகிப் பழுதாகாமல், தொடர்ந்து அரை மணி நேரம் எவ்வளவு பவர் கொடுக்க முடியும் என்பதுதான் அந்தக் கணக்கு. மேடு ஏறும்போது சில நொடிகளுக்கு அதே மோட்டார் இதைவிட அதிகமாகவே இழுக்கும். அதில் தப்பில்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்து, நிஜத்தில் 500 வாட், 1000 வாட் மோட்டார் மாட்டிய வண்டியிலும் '250' ஸ்டிக்கர் ஒட்டி விற்பது நடக்கிறது.

சாதாரண ஆள் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். சீட்டுக்கு அடியிலோ, பெடலுக்குப் பக்கத்திலோ இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் வோல்ட், ஆம்பியர் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 12 ஆம்பியர் என்றால் 432 வாட். உச்சத்தில் இவ்வளவு இழுக்கிற 250 வாட் சைக்கிள் இருப்பது சகஜம். 60 வோல்ட், 30 ஆம்பியர் என்றால் 1800 வாட். அது சைக்கிள் கணக்கில் வரவே வராது. இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்குதானே தவிர, கோர்ட்டில் செல்லும் சான்று இல்லை.

இதைவிட எளிய வழி மொபைலில் இருக்கிறது. ஜி.பி.எஸ். வேகம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, முழு சார்ஜில், சமமான ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் டெஸ்ட் டிரைவ் எடுங்கள். போனை ஹேண்டிலில் மாட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். வண்டியின் டிஸ்ப்ளே காட்டும் வேகத்தை மட்டும் நம்ப வேண்டாம். போன் 35, 40 என்று காட்டினால் அந்த வண்டிக்கு லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

பிறகு அந்த 'ஸ்பீடு லாக்'. 'வீட்டுக்குப் போய் இந்த ஒயரை மட்டும் எடுத்துவிட்டுருங்க, 45 போகும்' என்று காதோடு காதாகச் சொல்கிற இடங்களும் உண்டு. அந்த ஒரு ஒயரை எடுத்த நிமிடமே உங்கள் சைக்கிள் மோட்டார் வாகனமாக மாறிவிடுகிறது. கடைக்காரரோ பில்லில் 25 கிலோமீட்டர் வண்டி என்றுதான் எழுதியிருப்பார். மாட்டப்போவது நீங்கள்.

வேறு மாநிலங்களில் என்ன நடந்தது?

இது கற்பனைப் பிரச்னை இல்லை. 2022 மே மாதம் மகாராஷ்டிரா போக்குவரத்து ஆணையரகம், 250 வாட் அனுமதியை வைத்துக்கொண்டு அதிக பவர், அதிக வேகத்துக்கு மாற்றப்பட்ட இ-பைக்குகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. 2023-ல் கேரள மோட்டார் வாகனத் துறை கொச்சி ஷோரூம்களில் சோதனை நடத்தியது. லைசென்ஸ் தேவையில்லை என்று விற்கப்பட்ட ஸ்கூட்டர்கள் அனுமதித்ததைவிட அதிக வேகத்தில் ஓடியது அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் பாதிக்கப்பட்டது, நம்பி பணம் கொடுத்து வாங்கியவர்களும்தான்.

போலீஸ் நிறுத்தினால்?

வண்டி நிஜமாகவே விலக்கு பெற்றதாக இருந்தால், சான்றின் நகலையும் பில்லையும் காட்டினால் போதும். அந்த நகலை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நிற்கும் எல்லா அதிகாரிக்கும் எல்லா மாடலும் தெரிந்திருக்காது. நம்பர் பிளேட் இல்லாத வண்டியைப் பார்த்தால் நிறுத்துவது அவர்கள் வேலை.

விலக்கு இல்லாத வண்டி என்றால் கணக்கு வேறு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கும் தொகைகளைப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். பதிவு இல்லாத வண்டிக்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை. இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் முறை 2,000, மறுபடி மாட்டினால் 4,000. ஹெல்மெட் இல்லை என்றால் 1,000. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் இருந்து நடைமுறையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் 13,000 ரூபாய் வரை போகும். பழைய சைக்கிளில் மாட்டும் மோட்டார் கிட் அளவுக்கே வந்துவிடும் இந்தத் தொகை!

வண்டியை மாற்றியதற்குத் தனி. சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. விதிக்கு ஒத்துவராத வண்டியை விற்கிற டீலருக்கு ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. இந்த இரண்டாவது விஷயத்தை 'ஒயரை எடுத்துருங்க' என்று சொல்பவரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பையன் ஓட்டலாமா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. டியூஷனுக்குப் போக, பள்ளிக்கூடம் போக என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். விலக்கு பெற்ற வண்டி மோட்டார் வாகனமே இல்லை என்பதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் வயது வரம்பு அதற்குப் பொருந்தாது. ஓட்டலாம்.

ஆனால் வேகம் கூட்டப்பட்ட வண்டியைப் பையன் கையில் கொடுத்தால் 199ஏ பிரிவு வந்து நிற்கும். 18 வயதுக்கு உட்பட்டவர் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. 16 வயதில் எடுக்கும் லைசென்ஸ் பற்றிச் சிலர் சொல்வார்கள். சட்டத்தில் அது 50 சி.சி.க்கு மிகாத மோட்டார் சைக்கிளுக்கானது. அதை நம்பி 1000 வாட் ஸ்கூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.

அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் ஹப் மோட்டார் கிட் மாட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. அந்த ஃபிரேமும் பிரேக்கும் மனிதன் மிதிக்கிற வேகத்துக்குச் செய்யப்பட்டவை. கிட் 250 வாட்டுக்குள் இருந்தாலும் சோதனை மையச் சான்று என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிரேக் பிடிக்குமா என்பதே என் முதல் கவலை.

விபத்து நடந்தால்தான் உண்மையான பிரச்னை

அபராதம் ஒரு நாள் வலி. விபத்து அப்படி இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் நிலை. உங்கள் வண்டி விலக்கு பெற்றது, நீங்கள் போகும்போது ஒரு பெரியவர் மீது மோதிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வாகனம் இல்லை என்பதால் இது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. அதற்காக ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. கவனக்குறைவாக வண்டி ஓட்டியதற்கான பி.என்.எஸ். சட்டப் பிரிவு 281 சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். சிவில் கோர்ட்டில் இழப்பீடும் கேட்கலாம்.

இரண்டாவது நிலை. அதே விபத்து, ஆனால் உங்கள் வண்டி ஸ்பீடு லாக் எடுத்தது. இப்போது அது இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். பாதிக்கப்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் இழப்பீட்டை யார் கொடுப்பது? முறையாக இன்சூரன்ஸ் எடுத்த பைக்காக இருந்தால் கம்பெனி கொடுக்கும். இங்கே கம்பெனியே இல்லை. உங்கள் சொந்தக் கையில் இருந்து கொடுக்க வேண்டும். ஒருவர் உயிரிழந்தால் அவரது வயது, வருமானத்தை வைத்துப் போடப்படும் தொகை பல லட்சங்களில் போகும். தறி, வீடு, நகை என்று எல்லாவற்றையும் தொட்டுவிடக்கூடிய தொகை அது. 45 கிலோமீட்டர் வேகத்துக்காக எடுக்கிற ரிஸ்க் இவ்வளவு பெரியது என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது நிலை, உங்கள் மீது ஒரு பஸ்ஸோ காரோ மோதினால்? சைக்கிளில் போனவர், நடந்து போனவர் போல நீங்களும் அந்த வாகனத்தின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்கலாம். சட்டத் திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வண்டி வேகம் கூட்டப்பட்டதாக இருந்தால், உங்கள் பக்கமும் தவறு இருக்கிறது என்று எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி வாதாட வழி கொடுத்த மாதிரி ஆகும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சையும் இலவசம்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை என்றாலும் ஓட்டுபவருக்குத் தேவை. பேங்க் கணக்கில் இருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய்! இரண்டு டீ காசு. ஹெல்மெட்டும் அப்படித்தான். விலக்கு பெற்ற வண்டிக்குச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தார் ரோட்டுக்கு அந்த விதி தெரியாது.

நான்குவழிச் சாலையில் 25 கிலோமீட்டர்

மதுரை – பரமக்குடி நான்குவழிச் சாலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரையும் நான்குவழியாக்க 2025 ஜூலை 1-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 1,853 கோடி ரூபாய். ராமேஸ்வரம் போகும் வேன்களும் பஸ்களும் 80, 90-ல் பறக்கிற ரோட்டில் 25-ல் போகும் வண்டி கிட்டத்தட்ட நிற்கிற வண்டி மாதிரிதான்.

ஊருக்குள் போக வர, பக்கத்து ஊர் போக இந்த வண்டி சரி. பரமக்குடியில் இருந்து ராமநாதபுரம் போக இதை எடுக்காதீர்கள். பேட்டரி கணக்குமே இடிக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 360 வாட்-அவர். மிதிக்காமல் மோட்டாரிலேயே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-அவர் ஆகும் என்று வைத்தால் 30, 36 கிலோமீட்டர்தான் வரும். எதிர்க்காற்று இருந்தால் அதுவும் குறையும். இருட்டில் போவதாக இருந்தால் விதியில் சொன்ன ரிஃப்ளெக்டரோடு ஒரு சிவப்பு பிளிங்கர் லைட்டும் பின்னால் மாட்டுங்கள்.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்று கனெக்டர்களைத் தின்னும். சார்ஜிங் பின்னில் பச்சைப் பாசி மாதிரி படிந்தால் அது துரு. அங்கே மின்சாரம் சரியாகப் பாயாமல் சூடாகும். மாதம் ஒரு முறை கழற்றித் துடையுங்கள், பேட்டரி டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். பலத்த காற்று அடிக்கிற நாளில் இந்த எடை குறைந்த வண்டியை அதில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

வேலூர் சம்பவம் ஞாபகம் இருக்கா?

2022 மார்ச் கடைசியில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த புது எலெக்ட்ரிக் பைக் இரவில் தீப்பிடித்ததில் அப்பாவும் 13 வயது மகளும் உயிரிழந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து, மேலே ஹோட்டலில் தங்கியிருந்தவர்கள் உட்பட 8 பேர் இறந்தார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரநிலை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. ஆனால் அது பதிவு செய்யப்படும் மோட்டார் வாகனங்களுக்கானது. விலக்கு பெற்ற சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சைக்கிள் வாங்கும்போதும் 'இந்த பேட்டரி ஏ.ஐ.எஸ். 156 பாஸ் பண்ணியதா' என்று நீங்களாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கம் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெசவாளர் வீடுகளில் தறியும் நூலும் பாவும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நெருக்கமான வீடுகள், ஒரே வாசல். வண்டியை வாசலில் நிறுத்தி, ராத்திரி சார்ஜ் போட்டுத் தூங்குவதுதான் பலரின் வழக்கம். தீப்பிடித்தால் நெருப்பு முதலில் அடைப்பது வெளியேறும் வழியைத்தான். நூல் இருக்கிற அறையில் சார்ஜ் போடாதீர்கள். வாசலை மறித்தும் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் திண்ணையிலோ, மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழோ, வெயிலும் மழையும் படாத இடத்தில், சிமென்ட் தரையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். மெத்தை, கட்டில், துணிமூட்டை பக்கம் கூடவே கூடாது.

மே மாத வெயிலில் ஓட்டிவிட்டு வந்ததும் சார்ஜரைச் சொருகாதீர்கள். பேட்டரி கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். கம்பெனி சார்ஜர் கெட்டுப்போனால் அதே கம்பெனி சார்ஜர்தான் வாங்க வேண்டும். பின் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக வேறு சார்ஜரை மாட்டினால், வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலே லித்தியம் பேட்டரிக்கு ஆபத்து. பேட்டரி உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ, ஒரு மாதிரி இனிப்பு வாடை வந்தாலோ அதைச் சார்ஜ் போடவே கூடாது. வெளியே தனியாக வையுங்கள்.

மீறித் தீப்பிடித்தால் அணைக்கப் போராடாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டி வந்து 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். லித்தியம் தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும். அந்தப் புகை விஷம்.

நியூயார்க் நகரத்திலேயே இ-பைக் பேட்டரி தீ விபத்துகள் பெருகி, 2023 செப்டம்பர் முதல் பாதுகாப்புச் சான்று இல்லாத இ-பைக்கும் பேட்டரியும் விற்கத் தடை போட்டார்கள். பணக்கார ஊரிலேயே அந்த நிலைமை.

லித்தியமா, லெட் ஆசிடா?

விலை குறைந்த ஸ்கூட்டர்களில் இன்னும் லெட் ஆசிட் பேட்டரிதான் அதிகம். தீப்பிடிக்கும் பயம் குறைவு, எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் பழைய பேட்டரிக்குக் காசு கிடைக்கும். ஆனால் கனம், ஆயுளும் குறைவு. ஒன்றரை, இரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவையும் சேர்த்து விலையைப் பாருங்கள். பராமரிப்பும் நேர் எதிர்: லெட் ஆசிடைக் காலியாக விட்டு வைக்கக் கூடாது, ஓட்டியதும் முழு சார்ஜ் போட வேண்டும். லித்தியத்தை மாதக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். லித்தியத்தில் எல்.எஃப்.பி. வகை நம்ம ஊர் சூட்டுக்குக் கொஞ்சம் நிம்மதியானது.

கரன்ட் செலவு பற்றிக் கவலையே வேண்டாம். மேலே சொன்ன 360 வாட்-அவர் பேட்டரிக்கு அரை யூனிட்கூட ஆகாது. வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போடலாம். மழைக்காலத்தில் வண்டியை வாட்டர் சர்வீஸ் பிரஷரில் கழுவாமல் இருந்தால் மோட்டாரும் பிழைக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஊரில் ஓட்டிய பழக்கத்தில் அங்கே ஓட்டிவிடாதீர்கள். அங்கேயும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற அதே கோடுதான். ஐரோப்பிய நாடுகளிலும் இதே எண்கள்தான். ஆனால் சிங்கப்பூரில் எலெக்ட்ரிக் சைக்கிளின் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது, மிதித்தால் மட்டுமே மோட்டார் வேலை செய்ய வேண்டும், ஆக்சிலரேட்டர் இருக்கவே கூடாது. ஆரஞ்சு நிற முத்திரையும், பதிவு எண் பிளேட்டும் கட்டாயம். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஆன்லைன் தேர்வில் பாஸ் ஆனவர்கள் மட்டுமே ஓட்டலாம். வேலை பர்மிட்டில் போனவர்கள் இதில் மாட்டினால் வேலைக்கே சிக்கல் வரலாம். ஊருக்குப் பேசும்போது சொல்லி வையுங்கள்.

வேகமான வண்டிதான் வேண்டும் என்றால்?

தாராளமாக வாங்குங்கள், பதிவு செய்து ஓட்டுங்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு பதிவுச் சான்று கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. தமிழ்நாட்டின் 2023 எலெக்ட்ரிக் வாகனக் கொள்கையில் சாலை வரிக்கு 100 சதவீத விலக்கு 2025 கடைசிவரை கொடுக்கப்பட்டது; வாங்கும் தேதியில் விலக்கு எப்படி என்று டீலரிடம் கேட்டு, பில்லில் வரி என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா எனப் பாருங்கள். டி.என். 65 என்று தொடங்கும், பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து நம்பர் பிளேட் கிடைக்கும்.

ஏமாந்துவிட்டால்?

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் மாடல் பெயர், ஃபிரேம் எண், மோட்டார் எண், பேட்டரி எண், மோட்டார் பவர், அதிகபட்ச வேகம், பேட்டரி வாரன்ட்டி எத்தனை மாதம் என எல்லாம் எழுதி வாங்குங்கள். 'லைசென்ஸ் தேவையில்லை' என்று சொல்கிறாரா? அதையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

சொன்னதற்கு மாறாக வண்டி இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

செத்துப்போன பேட்டரியை பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அங்கே சுத்தியலால் அடித்துப் பிரிக்கும்போது வெடிக்கலாம். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்குத்தான். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள்.